இன்டேக் திறந்திருக்கும்போது

உங்கள் ஸ்டேஷன் ஜெனரேட்டர் கறுப்பாகப் புகை விடுகிறது, அம்மா. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே பார்த்தேன். பெரிய கோளாறு இல்லை, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும். கழற்றித் தட்டி மாட்டினாலே பாதி சரியாகிவிடும். ஆனால் கழற்றுகிறவர் நிதானமான ஆளாக இருக்க வேண்டும். அவசரக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

டீசல் இஞ்சின் காற்றை இழுக்கிற இடத்துக்கு இன்டேக் என்று பெயர். நம் ஆட்கள் அதை இஞ்சினின் மூக்கு என்பார்கள். எனக்கு அது வாய் மாதிரிதான் தோன்றும். முன்னால் எது இருந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வாஷர், ஒரு நூல் பிரி, கொஞ்சம் மணல், எதுவானாலும் சரி. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அதனால்தான் இன்டேக் குழாயைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் இருக்கிறவன் அதற்கும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் அடைக்கலம். வயது அறுபத்திரண்டு. வீடு திருவானைக்காவல். முப்பத்தோரு வருடம் பால்பண்ணைப் பக்கம் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் டீசல் மெக்கானிக்காக இருந்தேன். அது மூடிய பிறகு ஏழு வருடமாக ஸ்ரீரங்கத்தில், மூலத்தோப்புக்கு உள்ளே தள்ளி இருக்கிற ஒரு அபார்ட்மெண்டில் பராமரிப்பு வேலை. மூன்று மாடி, எட்டு வீடு. அதில் ஐந்து வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். மோட்டார், லிஃப்ட், ஜெனரேட்டர் மூன்றும் என் பொறுப்பு. லிஃப்ட் பழைய மாடல், மடக்குகிற கிரில் கதவு. ஜெனரேட்டர் நாலு சிலிண்டர். நல்ல இஞ்சின். குணமான இஞ்சின் என்றுகூடச் சொல்வேன்.

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரி ரெங்கராஜ் சாரைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். வருகிறேன். முதலில் வேலையை எப்படிச் செய்வேன் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும்.

இன்டேக்கைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி வயரை எடுத்துவிடுவேன். யாரும் தெரியாமல் பட்டனை அமுக்கினாலும் இஞ்சின் அசையாது. சட்டையைக் கழற்றி அறைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிடுவேன். குனிந்தால் பையிலிருந்து ஏதாவது விழும் அல்லவா, அதற்காக. குழாயை எடுத்ததும் திறந்த வாயில் துணி வைக்க வேண்டும். ஒர்க்ஷாப் வேஸ்ட் துணி ஆகாது, அது நூல் விடும். நான் என் மனைவியின் பழைய சிவப்புப் பாவாடையை வெட்டி வைத்திருக்கிறேன். சிவப்பு என்றால் திரும்ப மாட்டும்போது மறந்துபோகாது, கண்ணில் படும். அதற்கு மேலே டேப். போல்ட் எட்டும் பழைய இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாக இருக்கும். மூடுவதற்கு முன்னால் எண்ணுவேன். எட்டு இருந்தால்தான் மேற்கொண்டு வேலை.

போன வருடமும் இப்படித்தான் செய்தேன். துணியை வைத்துவிட்டுக் குழாயை மண்ணெண்ணெயில் கழுவக் குழாயடிக்குப் போனேன். ஐந்து நிமிடம். திரும்பி வரும்போது ரெங்கராஜ் சார் இஞ்சினைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் என் சிவப்புத் துணி. விரலில் பட்ட எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அடைக்கலம், இன்னும் முடியலையா?" என்று கேட்டுத் துணியைத் திரும்ப அதே இடத்தில் செருகினார்.

குழாயை மாட்டி இஞ்சினைப் போட்டேன். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டுகிற மாதிரி சத்தம். நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாவது பிஸ்டன் தலை உடைந்து, வால்வு வளைந்துபோயிற்று. பிரித்துப் பார்த்தபோது சிலிண்டருக்குள் ஒரு அலுமினியக் கம்பித் துண்டும், உருகி ஒட்டிய நீல பிளாஸ்டிக்கும் கிடைத்தன. பேனா மூடி. அன்று மாலை ரெங்கராஜ் சார் சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று மூடி இல்லாமல் இருந்தது. பைக்குக் கீழே மை பரவியிருந்தது. அவர் பார்த்தார், நான் பார்த்தேன்.

பொதுக்குழுவில் தவறு என் மேல்தான் என்று எழுதினார்கள். அவர் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுத்தில் கெட்டி. என்னை மன்னிப்புக் கடிதம் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். 'வருந்துகிறேன்' என்ற சொல் இல்லை என்று திருப்பிவிட்டார். சேர்த்து எழுதினேன். தேதி இல்லை என்று திருப்பினார். மூன்றாவது முறை வாங்கிக்கொண்டார். அதை நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் ஒட்டி வைத்திருந்தார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் படித்தார்கள்.

அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், அம்மா. என் மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கோபத்தில் செய்கிற வேலை எதுவும் ஒழுங்காக வராது.

இந்த வருடம் மறுபடி இன்டேக்கைக் கழற்ற வேண்டி வந்தது. கரி அப்பியிருந்தது, குழாய் மூட்டில் வைக்கிற கேஸ்கட்டும் மாற்ற வேண்டும். பாலக்கரையில் கேஸ்கட் வாங்கிக்கொண்டு திரும்பும்போது காவேரிப் பாலத்தில் வைத்து யோசித்தேன். பேட்டரி, சட்டை, துணி, டேப், இட்லித் தட்டு எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் போன வருடம் இஞ்சினைக் கெடுத்தது இதில் எதுவும் இல்லை. அறைக்குள் வந்து போகிற ஒரு மனிதர். அவருக்கு மட்டும் நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை.

பலகை வைத்துப் பார்க்காமல் இல்லை. 'வேலை நடக்கிறது, உள்ளே வராதீர்கள்' என்று எழுதி மாட்டினேன். உள்ளே வந்துதான் அதில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று சொன்னார். கதவைச் சாத்தினால் தட்டுவார். பூட்டினால் தன்னிடம் இருக்கிற மாற்றுச் சாவியைப் போட்டுத் திறப்பார். செக்ரட்டரி என்ற முறையில் அவரிடம் எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி உண்டு, மொட்டை மாடியில் இருக்கிற லிஃப்ட் மோட்டார் அறையைத் தவிர. அதன் சாவி என்னிடம் மட்டும்தான்.

அப்போதுதான் பேப்பரில் அந்த அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதே முக்காலிலிருந்து மாலை நாலு மணிவரை ஸ்ரீரங்கம் பகுதியில் மின்சாரம் இருக்காது. அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த நாள் வசதியாகத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே பேட்டரி வயரை எடுத்து, குழாயைக் கழற்றி, துணி வைத்து, டேப் ஒட்டிவிட்டேன். ஒன்பதரைக்கு ரெங்கராஜ் சார் காலை நடையை முடித்துக்கொண்டு நேராக ஜெனரேட்டர் அறைக்கு வந்தார். பையில் இரண்டு பேனா இருந்தது.

"கழட்டிட்டியா? இன்னிக்கு கரண்ட் வேற இருக்காதே."

"அதனாலதான் சார் இன்னிக்கு வச்சுக்கிட்டேன். மாடியில டேங்க் வழியுற மாதிரி சத்தம் கேக்குது. ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடுறீங்களா?"

"ஏன், நீ போக மாட்டியா?"

"கை பூரா கிரீஸ், சார்."

கிரீஸ் கையோடு யாரும் லிஃப்டிலோ படியிலோ ஏறக் கூடாது என்று அவரே போர்டு வைத்திருந்தார். அதை மீறச் சொல்ல அவரால் முடியாது. மூட்டு வலிக்காரர், மாடிப்படி ஏற மாட்டார். மணியைப் பார்த்தார். ஒன்பது நாற்பத்திரண்டு. மேலே போவதற்கு நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிக் கிரில்லை இழுத்துச் சாத்தினார்.

முதல் மாடிக்கு லிஃப்ட் பதினோரு விநாடி எடுக்கும். நான் பதினாறு எண்ணி லிஃப்ட் சுவிட்சை அணைத்தேன். மின்வாரியக்காரர்கள் சில நாள் பத்து நிமிடம் தாமதமாகத்தான் நிறுத்துவார்கள், அவர்களை நம்ப முடியாது. அன்றைக்குச் சரியாக ஒன்பது நாற்பத்தைந்துக்கு நிறுத்திவிட்டார்கள். அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் நின்றது. இரண்டாம் மாடியில் தரையோடு உட்கார்ந்தால் கிரில் வழியாக அவர் மார்புக்கு மேலே தெரியும். கை நீட்டினால் டம்ளர் கொடுக்கலாம். லிஃப்ட் சரியாக மாடி மட்டத்துக்கு வந்து நின்றால் ஒழியக் கதவு திறக்காது. பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

முதலில் வந்தவர் அசோசியேஷன் தலைவர் கலையரசன் சார், முதல் மாடியில் இருக்கிற ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அடுத்து ரெங்கராஜ் சாரின் மனைவி ஆனந்தவள்ளி அம்மா. பிறகு முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிற ஜீனத், தில்லைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண். அன்று கட்டிடத்தில் இருந்தது அவ்வளவு பேர்தான். கலையரசன் சார் படி இறங்கி வந்து என்னிடம் கேட்டார்.

"அடைக்கலம், ஜெனரேட்டரைப் போட்டா லிஃப்ட் நகருமில்ல?"

"நகரும் சார். ஆனா இன்டேக் திறந்திருக்கு. இப்ப போட்டா இஞ்சின் போயிடும். போன வருஷம் மாதிரி."

போன வருடம் என்றதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி நேரம், சார்."

மேலே போய் அதையே சொன்னார். ஜீனத் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு மணி நேரமா? சார், வெயிலைப் பாருங்க. நான் ஃபயர் சர்வீசுக்கு போன் பண்றேன்," என்றாள். படிக்கட்டில் நின்று நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குப் பதில் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? ரெங்கராஜ் சார்தான், லிஃப்டுக்குள்ளிருந்து.

"வேண்டாம்மா. அவங்க வந்தா கதவை அறுத்துடுவாங்க. பொதுச் சொத்துக்குச் சேதம் வர்ற மாதிரி வெளியாளைக் கூப்பிடணும்னா கமிட்டி தீர்மானம் வேணும். ரூல்ல இருக்கு."

"அப்ப இப்பவே தீர்மானம் போடுங்க சார்."

"போடலாம். கோரம் மூணு பேர்."

கலையரசன் சார் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். ஆனந்தவள்ளி அம்மா இரண்டாவது. ஜீனத் கை தூக்கினாள். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது என்று ரெங்கராஜ் சார் ஞாபகப்படுத்தினார்.

"நான் மூணாவது ஆள். நான் இருக்கேன்ல," என்றார்.

கலையரசன் சார் மினிட்ஸ் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "நீங்க எந்த மாடியில இருக்கீங்கன்னு எழுதுறது? ஆஜர்னு போட்டா கூட்டம் நடக்கிற இடத்துல இருக்கணும்."

"தலை இரண்டாவது மாடியில இருக்கு சார். அது போதாதா?"

போதும் என்று முடிவானது. ஒரு மணி நேரத்தில் இஞ்சின் வேலை முடியாவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடலாம் என்று தீர்மானம். கதவை அறுக்க நேர்ந்தால் புதுக் கதவுக்கு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தையும் ரெங்கராஜ் சார் உள்ளேயிருந்தபடியே சொல்லிச் சேர்த்தார். நோட்டைக் கிரில் வழியாகக் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டு உங்களிடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு மணிக்கும் கலையரசன் சார் கீழே வந்து கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் ஒரு மணி நேரம் என்றேன். தீர்மானத்தில் இருந்த ஒரு மணி நேரத்தை அவரும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே புதிதாக எண்ணினார். ஒரு மணி நேரம் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், அம்மா. அரை நாள் என்றால் சண்டைக்கு வருவார்கள். பத்து நிமிடம் என்றால் பக்கத்திலேயே நிற்பார்கள். லாரி டிரைவர்களிடம் முப்பது வருடம் சொல்லிப் பழகியது.

ஆனந்தவள்ளி அம்மா பதினோரு மணி மாத்திரையும் மோரும் கொடுத்தார். பக்கத்தில் முக்காலி போட்டுக் கொத்தவரங்காய் நறுக்க உட்கார்ந்தார். "இன்னும் பொடியா நறுக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த அம்மா தட்டை எடுத்துக்கொண்டு அதே மாடியில் இருக்கிற தன் வீட்டுக்குள் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "அவரால வெளியே வர முடியாதில்ல, அடைக்கலம்?" என்று கேட்டார்.

"இப்ப முடியாதும்மா."

"சரி," என்று கதவைச் சாத்திக்கொண்டார். தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனுஷி. கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் அன்றுதான் தன் இஷ்டத்துக்குக் காய் நறுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜீனத் ஒரு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். போவதற்கு முன்னால் ஜெனரேட்டர் அறைக்கு வந்தாள்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. எப்ப முடியும்?"

"ஒரு மணி நேரம்மா."

"சாருக்குப் போன வருஷம்தான் ஸ்டென்ட் வச்சிருக்காங்க. அதிகமா வியர்த்தா, தோள்பட்டை வலிக்குதுன்னு சொன்னா, மூச்சு வாங்குனா, உடனே எனக்கு போன் பண்ணுங்க. தீர்மானமாவது மண்ணாவது, நான் ஆம்புலன்சோட வரேன்."

ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தாள். அதை ஆணியில் தொங்கிய என் சட்டைப் பையில் வைத்தேன். போனும் அங்கேதான் இருந்தது. இன்டேக் திறந்திருக்கும்போது நான் கையில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. ரெங்கராஜ் சார் அதற்குள் முப்பது நாற்பது முறை கூப்பிட்டிருந்தார்.

ஒன்றரைக்கு மேலே போனேன். கலையரசன் சார் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். ரெங்கராஜ் சார் சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார். பனியன் நனைந்திருந்தது. வியர்வை எல்லாருக்கும்தான் இருந்தது அன்றைக்கு.

"அடைக்கலம், தோள்ல என்னமோ பிடிச்ச மாதிரி இருக்கு. முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் சார்."

நான் தரையில் உட்கார்ந்தேன். ஏழு வருடத்தில் அவர் முகம் என் முழங்கால் உயரத்தில் இருந்தது அன்றுதான். கிரில்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்த மூடி என்னோடதுதான்," என்றார்.

"எந்த மூடி, சார்?"

"பேனா மூடி. துணியை எடுத்துட்டுக் குனிஞ்சேன், அப்ப விழுந்துச்சு. உள்ள போயிருக்காதுன்னு நெனச்சேன். சத்தம் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு."

"ஒரு வருஷம் ஆயிடுச்சே சார்."

"சொல்லணும்னு எத்தனையோ தடவை நெனச்சேன். பொதுக்குழுவுல உன்னைப் பத்தி எழுதிட்டேன், அப்புறம் எப்படி மாத்துறது? தப்புதான் அடைக்கலம். என்னை வெளியே எடு."

நீங்கள் இப்போது கேட்டது போலத்தான் ஆனந்தவள்ளி அம்மாவும் பிறகு ஒருநாள் நினைக்கக்கூடும், அப்போதே விட்டிருக்கலாமே என்று. நான் அப்படிப் பார்க்கவில்லை. அதுவரை என்னிடம் இருந்தது சந்தேகம்தான். மூடி இல்லாத பேனாவைப் பார்த்தது ஒரு சாட்சியா? அவர் வாயாலேயே சொன்ன பிறகுதான் நான் செய்த ஏற்பாடு சரியானது என்று உறுதியானது. திறந்த இன்டேக் பக்கம் விடக் கூடாத மனிதர் அவர். அதை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

எழுதிக் கொடுக்கச் சொன்னேன். காகிதமும் என் பேனாவும் கிரில் வழியாகக் கொடுத்தேன். மண்டியிட்டு, லிஃப்ட் தரையில் வைத்து எழுதினார். நேரமானது. 'எனது பேனாவின் மூடி தவறுதலாக விழுந்துவிட்டது' என்று இருந்தது. விழுந்துவிட்டது என்றால் தானாக விழுந்தது மாதிரி இருக்கிறது, 'விழவிட்டேன்' என்று வர வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுதினார். இரண்டாவதில் தேதி இல்லை. அதையும் திருப்பினேன்.

"தேதியை நீயே போட்டுக்கயேன்பா," என்றார்.

"உங்க கையெழுத்துல இருந்தாத்தான் சார் செல்லும்."

அவர் மூன்றாவதை எழுத ஆரம்பித்தார். நான் கீழே வந்துவிட்டேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குத் திரும்பப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் தேதி மட்டும் எழுதியிருந்தது, அழகாக, வலது மேல் மூலையில். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் முறையாக அவரைப் பெயர் சொல்லி. கண் பாதி திறந்திருந்தது. அந்த மாதிரிக் கண்ணை நான் சாலை விபத்துகளில் பார்த்திருக்கிறேன்.

இல்லை, யாரையும் எழுப்பவில்லை. மின்சாரம் மூன்று ஐம்பத்திரண்டுக்கே வந்துவிட்டது. நான் லிஃப்ட் சுவிட்சை நாலு மணிக்குத்தான் போட்டேன். பேப்பரில் நாலு மணி என்றுதான் போட்டிருந்தது. லிஃப்ட் இறங்கி வந்தது. ஆனந்தவள்ளி அம்மா படியில் இறங்கி வந்து கிரில் வழியாகப் பார்த்து, "தூங்கிட்டார் போல," என்றார். கலையரசன் சார்தான் தொட்டுப் பார்த்தார்.

டாக்டர் மாரடைப்பு என்றார். அன்று சாயங்காலமே ஐஸ் பெட்டி வந்துவிட்டது. மகள் புனேயிலிருந்து வர மறுநாள் ஆகும். வெயில் காலம், நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டு முறையும் ஜெனரேட்டர் பட்டனை அமுக்கியதுமே எடுத்தது. புகை இல்லை, சத்தம் சீராக இருந்தது. ஐஸ் பெட்டிக்குள் அவர் கொஞ்சம்கூடக் கெடாமல் இருந்தார். கலையரசன் சார் என் தோளில் கை வைத்து, "நீங்க மட்டும் இஞ்சினை இவ்வளவு நல்லா வச்சிருக்கலேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும், அடைக்கலம்," என்றார். மகள் வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு ஜீனத் உங்களிடம் புகார் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல பெண், நம்பர் கொடுத்தும் போன் வரவில்லை என்ற வருத்தம். நேற்று உங்கள் ஏட்டு அந்த எஃப்.ஐ.ஆர். நகலை என்னிடம் படித்துக் காட்டினார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் கூப்பிடாமலே வந்தேன். 'லிஃப்ட், ஜெனரேட்டர் பராமரிப்பில் அலட்சியம் காட்டியதால் மரணம்' என்று அதில் எழுதியிருக்கிறது.

அம்மா, லிஃப்ட் எத்தனை விநாடியில் எங்கே வரும் என்று அதற்கு முந்தின மூன்று நாளும் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மொட்டை மாடி மோட்டார் அறையில் ஒரு கைச்சக்கரம் இருக்கிறது. கரண்ட் இல்லாமலே அதைச் சுற்றி லிஃப்டை இறக்கலாம், ஏழு நிமிட வேலை. சாவி அன்று முழுக்க என் இடுப்பில் இருந்தது. ஜெனரேட்டரைச் சொல்வதானால், மதியம் பன்னிரண்டு இருபதுக்கு எல்லா வேலையும் முடிந்துவிட்டது. துணியை எடுத்து, எட்டு போல்ட்டும் எண்ணி, முறுக்கிவிட்டேன். பேட்டரி வயரை மாட்டினால் ஓடும். கலையரசன் சார் படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. நான் மறுபடியும் குழாயைக் கழற்றிப் புதுத் துணி வைத்தேன். அன்று சாயங்காலம்வரை மூன்று முறை மாட்டினேன், மூன்று முறை கழற்றினேன். ஒரு முறைகூட டேப் ஒட்டாமல் விடவில்லை.

அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு வாஷரைக்கூட நான் அலட்சியமாக விட்டதில்லை. ரெங்கராஜ் சாரையா விட்டிருப்பேன்?